போலிஷ் ‘கொமோரா’வும் பிலிப்பைன்ஸ் மொழியான தகலாக்கின் ‘கமாரா’வும் ஒரே சொல்லா?

ஒரே வேர்தான். லத்தீன் ‘கமெரா’, அதற்கும் முன் கிரேக்க ‘கமாரா’. பொருள், வளைந்த கூரையுள்ள அறை.

போலந்துக் கிராமப் பேச்சில் கொமோரா என்றால் குடிசையில் அடுப்பு இல்லாத குளிர்ந்த அறை. மாவு, தானியப் பெட்டி, புளிக்க வைத்த முட்டைக்கோஸ் பீப்பாய் எல்லாம் அங்கேதான். சூடு இல்லாததால் பண்டம் கெடாது. ஸ்லாவிய மொழிகள் பழங்காலத்தில் இரவல் வாங்கியபோது லத்தீனின் குறில் ‘அ’ ‘ஒ’ ஆனது. அதனால்தான் இந்த உருவம். போலிஷில் படம்பிடிக்கும் ‘கமெரா’ பிற்பாடு வந்ததால் ‘அ’ அப்படியே நின்றது. ஒரு சொல், இரண்டு வாசல்!

தகலாக்குக்கு அது ஸ்பானியர் வழியாகப் போனது. பிலிப்பைன்ஸ் செய்தித்தாளில் ‘கமாரா’ என்றால் நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் அவை. அறையின் பெயர் அதில் கூடுபவர்களுக்கு ஆகிவந்தது. நம் ‘மன்றம்’ அப்படித்தானே? ஊர்ப் பொதுவிடம் இன்று சட்டமன்றம் ஆகியிருக்கிறது. ‘கமாரின்’ என்ற ஸ்பானியக் கிளைச்சொல்லுக்குக் கிடங்கு என்று பொருள். பிலிப்பைன்ஸின் கமாரினெஸ் மாகாணங்களின் பெயர் அதிலிருந்து வந்தது.

இலங்கை மலையகத்தின் ‘லயத்துக் காம்பரா’வும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் அறை) இதே குடும்பம், போர்த்துக்கீசியர் வழி.

பலர் தகலாக் ‘காமா’வையும் (கட்டில்) இதனோடு சேர்க்கிறார்கள், ஒலிதான் ஒத்திருக்கிறது, அது வேறு ஸ்பானியச் சொல்.