பியானோ ட்ரையோவில் யார் பக்கவாத்தியம்? சில கேள்விகள், பதில்கள்

மும்பையில் மூன்று இளைஞர்கள் சேர்ந்து ஒரு பியானோ ட்ரையோ ஆரம்பித்திருக்கிறார்கள். பியானோ, வயலின், வயலினைவிடப் பெரிய அதன் உறவான செல்லோ, இந்த மூன்றும் சேர்ந்த குழு அது. அந்தக் குழுவுக்கென்று எழுதிய இசைக்கும் ட்ரையோ என்றே பெயர். ஒருவருக்கும் முப்பது வயது ஆகவில்லை. அவர்கள் ஒத்திகைக்குப் போய்வருகிறேன் என்று சொன்னதுதான் தாமதம், நம் ஆட்களிடமிருந்து கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வாசிப்பவன் இல்லை. பகலில் வங்கி வேலை, சாயங்காலம் பியானோக்காரர்களுக்கு இசைத்தாளின் பக்கம் திருப்புவது. இருபது வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததை வைத்துப் பதில் சொல்கிறேன்.

பியானோ, வயலின், செல்லோ. நம் கச்சேரியில் பாட்டு, வயலின், மிருதங்கம் மாதிரியா? (மாட்டுங்கா மாமி ஒருவர்)

ஆரம்பத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான் மாமி. பதினெட்டாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஹைடன் நாற்பதுக்கு மேல் ட்ரையோ எழுதினார். அச்சிடும்போது பெரும்பாலும் ‘வயலின், செல்லோ துணையுடன் பியானோ சொனாட்டா’ என்றுதான் போட்டார்கள். அதாவது பியானோ வித்வான், மற்ற இருவரும் பக்கவாத்தியம். செல்லோ பாவம், பியானோவின் இடது கை வாசிப்பதையே பெரும்பாலும் கூடவே வாசித்துக்கொண்டிருக்கும். அன்றைய பியானோவுக்குக் கீழ் ஸ்தாயியில் பலம் போதாது, அதைத் தாங்கிப் பிடிக்கத்தான் செல்லோ.

1795-ல் பீத்தோவன் தன் ஓபஸ் 1, அதாவது எண்ணிட்ட முதல் படைப்பு, என்று வெளியிட்டது மூன்று ட்ரையோக்கள். செல்லோ அங்கே வாயைத் திறந்து பேச ஆரம்பிக்கிறது. அதற்கப்புறம் வந்தவர்கள் எல்லோருக்கும் இதே கேள்விதான்: இந்த இடத்தில் யார் வித்வான், யார் பக்கவாத்தியம்?

நோட்டீஸில் ‘எங்கள் கலைப் பார்வை’ என்று ஒரு பத்தி போட்டிருக்கிறார்களே, அது சும்மா அலங்காரமா? (செம்பூர்)

பாதி அலங்காரம்தான். நோட்டீஸை விட்டுவிட்டு, எதை எதற்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இவர்கள் நிகழ்ச்சியில் ஹைடன், கிளாரா ஷூமன் 1846-ல் எழுதிய ஜி மைனர் ட்ரையோ, கடைசியில் ஷோஸ்தகோவிச் 1944-ல் இறந்துபோன நண்பருக்காக எழுதிய இரண்டாம் ட்ரையோ. அந்த ஷோஸ்தகோவிச்சை செல்லோ தனியாகத் தொடங்கும், வயலினுக்கும் மேலான உயரத்தில், விசில் மாதிரி மெலிந்த குரலில். வயலின் அதற்குக் கீழே வந்து சேரும். அப்புறம்தான் பியானோ, அடி ஆழத்தில். ஹைடனில் கைகட்டி நின்ற செல்லோ இங்கே எல்லோருக்கும் மேலே. இந்த வரிசையிலேயே அவர்கள் சொல்லவந்தது இருக்கிறது.

ஒத்திகையில் இன்னும் தெளிவாகத் தெரியும். அன்று பழக்கத்துக்காக ஷூபர்ட்டின் ஈ ஃபிளாட் ட்ரையோவை எடுத்தார்கள். இரண்டாம் பகுதியில் பியானோ அடிமேல் அடி வைத்து நடக்க, செல்லோ பாட்டைத் தொடங்கும். கொஞ்ச நேரம் கழித்துப் பாட்டு பியானோவுக்குப் போய்விடும், தந்திகள் இரண்டும் நடக்க ஆரம்பிக்கும். அந்தக் கைமாறும் இடத்துக்கு மட்டும் நாற்பது நிமிஷம். “நீ பாட்டை முடிக்கவே மாட்டேன் என்கிறாய், நான் எப்படி எடுப்பது?” என்று பியானோக்காரப் பெண் கேட்டாள். செல்லோக்காரர் பதில் சொல்லாமல் வில்லைக் கொஞ்சம் முன்னாலேயே தளர்த்திக் காட்டினார். காபி ஆறிப்போனது, ஆனால் பாட்டு கை மாறியது எனக்கே தெரியவில்லை. பார்வை என்றால் இதுதான்.

முன்னால் நின்று கையசைத்து நடத்தும் கண்டக்டர் இல்லையே, யார் ‘ரெடி’ சொல்வார்கள்? (தானே, கல்லூரி மாணவர்)

மூச்சுதான் தம்பி. வயலின்காரர் மூக்கால் ‘சர்ர்’ என்று இழுப்பது முதல் வரிசை வரை கேட்கும். இன்னொன்று: பியானோக்காரர் முன்னால்தான் மூவருடைய பகுதியும் அச்சாகியிருக்கும். மற்ற இருவர் தாளிலும் அவரவர் வரி மட்டும். அதனால் யாராவது தடுமாறினால் முதலில் தெரிவது பியானோவுக்கு. அவருக்குப் பக்கங்கள் அதிகமாவதும் அதனால்தான், எனக்குப் பிழைப்பு ஓடுவதும் அதனால்தான். இப்போது டேப்லெட்டைக் காலால் அழுத்தித் திருப்புகிறார்கள். காலம் மாறுகிறது, சரி.

சுருதி எப்படிச் சேரும்? பியானோவில் கமகமே கிடையாதே. (வயலின் கற்பவர், முலுண்ட்)

நல்ல கேள்வி. பியானோவில் ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்காகப் பிரித்திருக்கிறார்கள். அதனால் அதன் அந்தர காந்தாரம் நம் தம்புராவில் தானாக ஒலிக்கும் காந்தாரத்தைவிடச் சற்று ஏறியே நிற்கும். வயலினும் செல்லோவும் மட்டும் வாசிக்கும் இடங்களில் அவர்கள் சுத்தமான இடத்தில் விரல் வைக்கலாம். பியானோ நுழைந்ததும் அதன் இடத்துக்கு நகர்ந்தாக வேண்டும். ஒரே பாட்டுக்குள் இந்த இடமாற்றம் எத்தனையோ தடவை நடக்கும். காது பழகியவர்கள் யோசிக்காமலே செய்துவிடுகிறார்கள். போதாக்குறைக்கு நம்மூர் மழைக்காலம். ஈரத்தில் பியானோவின் ஒலிப்பலகை உப்பிச் சுருதி ஏறிவிடும்.

பியானோ சத்தத்தில் மற்ற இரண்டும் அமுங்கிவிடாதா? (நவி மும்பை)

அமுங்கும். ஹைடன் காலத்துப் பியானோ மரச்சட்டம், மெல்லிய குரல். இன்றையது இரும்புச் சட்டம். அதனால் சிலர் மூடியைப் பாதி மட்டும் திறக்கச் சொல்வார்கள். என் கருத்தில் அது குறுக்குவழி, பியானோவின் நிறமே மங்கிவிடும். இந்தப் பெண் முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு விரலை அடக்குகிறாள். ராவெல் இதைப் பேனாவிலேயே தீர்த்துவைத்தவர். 1914-ல் எழுதிய ட்ரையோவில் வயலினையும் செல்லோவையும் அடிக்கடி இரண்டு ஸ்தாயி தள்ளி வைத்து, பியானோவின் வலது கையை நடுவில் உட்காரவைத்தார்.

செல்லோவை லோக்கல் ட்ரெயினில் கொண்டுபோக முடியுமா?

மத்தியானம் முடியும். காலை ஒன்பது மணிக்கு தாதரில் ஏறிப் பாருங்கள், செல்லோ ஒரு பக்கம் நீங்கள் ஒரு பக்கம். விமானத்தில் அதற்குத் தனி டிக்கெட்டே எடுக்கிறார்கள்.

நடுநடுவே கைதட்டலாமா? என்.சி.பி.ஏ. அரங்கில் ஒருவர் முறைத்தார். (காட்கோபர்)

பகுதிகளுக்கு இடையே தட்டாமலிருப்பது இப்போதைய வழக்கம். பீத்தோவன் காலத்தில் தாராளமாகத் தட்டினார்கள். முறைத்தவரை விட்டுத்தள்ளுங்கள். ஷண்முகானந்தா சபாவில் ‘பேஷ்’ சொல்லித் தட்டிப் பழகிய கை எத்தனை நேரம் சும்மா இருக்கும்?

என் பெண் பியானோவில் எட்டாம் கிரேடு பரீட்சை முடித்துவிட்டாள். ட்ரையோவில் சேர்க்கலாமா?

கட்டாயம். தனியாகவே வாசித்து வளர்ந்த குழந்தைகளுக்கு அடுத்தவரைக் கேட்கும் பழக்கம் வருவதில்லை. ஹைடனில் ஆரம்பிக்கட்டும். வயலின் வாசிக்கும் பிள்ளைகள் கிடைப்பார்கள், செல்லோவுக்குத்தான் அலைய வேண்டியிருக்கும். வீட்டில் பதிவு எதையாவது போட்டுக் காட்டுவதென்றால் போஸார் (Beaux Arts) ட்ரையோவைத் தேடுங்கள். 1955-லிருந்து 2008 வரை வாசித்த குழு அது. வயலினும் செல்லோவும் ஆள் மாறிக்கொண்டே இருந்தன, பியானோவில் மட்டும் கடைசிவரை மெனஹெம் பிரஸ்லர் ஒருவரே.

நீங்கள் எப்போதாவது தப்பாகத் திருப்பியது உண்டா மாமா?

உண்டு. ஒரு ஹாலில், மெண்டல்சன் டி மைனர், கடைசிப் பகுதி. ஏ.சி. காற்றில் தாள் படபடத்தது, இரண்டு பக்கத்தைச் சேர்த்துத் திருப்பிவிட்டேன். பியானோக்காரர் நிற்கவில்லை. இடது கை வாசித்துக்கொண்டே இருக்க, வலது கையால் ஒரு பக்கத்தைப் பின்னுக்குத் தள்ளினார். அந்த இரண்டு வினாடி செல்லோக்காரர் கொஞ்சம் பலமாக வாசித்தார், திரும்பிக்கூடப் பார்க்காமல். சபையில் ஒருவருக்கும் தெரியாது. முடிந்ததும் மூவரும் என்னையும் சேர்த்து வணங்கச் சொன்னார்கள். நான் எழுந்திருக்கவில்லை.