தோட்டத்து ஷெட்டுக்கு அடித்தளம்: காங்கிரீட்டா, சப்படிக் கல்லா?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறோம். வீட்டுப் பின்பக்கம் மண்வெட்டி, உரமூட்டை, ஹோஸ் பைப் எல்லாம் வைக்க 8க்கு 6 அடியில் தகர ஷெட் வாங்கப் போகிறோம். மேஸ்திரி 6 இஞ்சு காங்கிரீட் போடச் சொல்கிறார். பள்ளமாக இருந்த மனையை மண் கொட்டி மேடாக்கித்தான் வீடு கட்டினோம். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கேள்வியில் முக்கியமானது கடைசி வரிதான். கொட்டிய மண் வருடக்கணக்கில் மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். அதன் மேல் ஒரே பலகையாகக் காங்கிரீட் போட்டால், ஒரு மூலை இறங்கியதும் விரிசல் விழும். பிறகு உடைத்துத்தான் எடுக்க வேண்டும். எங்கள் வீட்டிலேயே அப்படி ஆகி, ஷெட் கதவு மூடாமல் ஒரு மழைக்காலம் முழுக்க அவதிப்பட்டோம். அதனால் உங்களுக்கு நான் சொல்வது, தூக்கித் திரும்ப வைக்கக்கூடிய சப்படிக் கல், அதாவது தட்டையான கருங்கல் பலகை.

முதலில் இடம். சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) மேலும், சாக்கடைச் சேம்பர் மேலும் வேண்டாம். மாடி மழைக் குழாய் விழும் இடமும், மழைநீர் உறிஞ்சுகுழியின் ஓரமும் கூடாது, அங்கே மண் ஊறி இளகும். காம்பவுண்ட் சுவரிலிருந்து 2 அடி தள்ளி வையுங்கள். தகரம் துருப்பிடித்தால் பின்னால் கை நுழைய வேண்டுமே. அப்புறம் அந்த இடத்தில் ஒன்றரை அடிக் குழி தோண்டிப் பாருங்கள். செங்கல் துண்டும் பிளாஸ்டிக்கும் வந்தால் அது கொட்டிய மண். கெட்டியான செம்மண் வந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். குழியில் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் அப்படியே நின்றால், தளத்தை இன்னும் 2 இஞ்சு உயர்த்த வேண்டும்.

வேலை இதுதான். வேர், புல்லோடு மேல்மண்ணை 6 இஞ்சு வெட்டி எடுங்கள். லேசாக நனைத்துத் திமிசுக் கட்டையால் நன்றாக இடியுங்கள். அதன் மேல் 40 எம்எம் ஜல்லி 4 இஞ்சு, மறுபடியும் இடி. அதற்கு மேல் எம்-சாண்ட் (கல்லை அரைத்து எடுக்கும் மணல்) 2 இஞ்சு. இந்த இடிப்பில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது, கல் ஆடுவதும் ஆடாததும் இதில்தான் இருக்கிறது. பிறகு 2 அடிக்கு 2 அடி, 2 இஞ்சு கனமான கல் 12 போதும். ஒரு கல் ஏறக்குறைய 50 கிலோ, இரண்டு பேர் தூக்கலாம். கல்லின் மேல்முகம் தரையிலிருந்து 2 இஞ்சாவது உயர்ந்திருக்கட்டும். மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கயிறு போதும்: 8க்கு 6 என்றால் குறுக்களவு இரண்டும் சரியாக 10 அடி வர வேண்டும்.

தளம் ஷெட்டின் அளவிலேயே இருக்கட்டும். வெளியே நீண்டால் தகரத்தில் வழியும் மழை அதில் விழுந்து உள்ளே ஓடும். செப்டம்பர், அக்டோபர் மழையில் உரமூட்டை கட்டியாகிவிடும்.

ஷெட்டின் எடையை நினைத்துத்தான் மேஸ்திரி 6 இஞ்சு சொல்கிறார். ஆனால் தகர ஷெட் புதைவதை விடப் பறக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஏப்ரல், மே மாதக் கோடை மழைக் காற்றைப் பார்த்திருப்பீர்கள். நான்கு மூலைக்கும் வெளியே ஒட்டினாற்போல ஒன்றரை அடிக் குழி தோண்டி, இரும்புப் பட்டையை நிறுத்திக் காங்கிரீட் போட்டு, ஷெட் சட்டத்தோடு போல்ட் போடுங்கள். கல் இறங்கினால் போல்டைக் கழற்றி, கல்லைத் தூக்கி, எம்-சாண்ட் போட்டு மட்டம் பார்த்து வைத்தால் முடிந்தது.

பிற்பாடு ஸ்கூட்டரும் அங்கேயே நிறுத்தும் எண்ணம் இருந்து, தோண்டிய குழியில் கெட்டியான செம்மண்ணும் வந்தால், காங்கிரீட் போடலாம். அப்போதும் 4 இஞ்சு போதும், 16 கன அடிதான் வரும், 4 மூட்டை சிமெண்டில் முடியும். அடியில் பிளாஸ்டிக் ஷீட் விரித்து, 10 நாள் விடாமல் ஈரச் சாக்கு போட்டு நனையுங்கள்.