குழந்தை மருத்துவர்கள் சங்கம் மாநாடு நடத்துவதைத் தவிர நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்கு என்ன செய்திருக்கிறது?

இதைக் கேட்டவர் அநேகமாக ஏதோ ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பச்சிளங்குழந்தை வார்டு பில்லைக் கையில் வாங்கியவராக இருப்பார். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் "மாநாடு நடத்துவதைத் தவிர" என்ற வார்த்தைகளைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. நைட் டூட்டி முடிந்து வந்தவள், தூங்காமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. தென்மாவட்டம் ஒன்றில் அரசு மருத்துவமனை லேபர் வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். எந்த டாக்டர் சங்கத்திலும் எனக்கு இடம் கிடையாது, யாரும் என்னை எழுதச் சொல்லவும் இல்லை. "வக்காலத்து வாங்க வந்துட்டாங்க" என்று கீழே எழுதப் போகிறவர்களுக்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2002-ல் வேறொரு ஊரில் இருந்தேன். ஒரு தலைப்பிரசவம். குழந்தை வெளியே வந்தது, அழவில்லை. உடம்பு நீலம் பாரித்து, கைகால் துவண்டு கிடந்தது. எங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தோம். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினோம், முதுகில் தட்டினோம். ஆயாம்மா முகத்தில் தண்ணீர் தெளித்தார். ஆக்சிஜன் குழாயை மூக்குக்கு நேரே பிடித்தேன். மூச்சே இழுக்காத குழந்தைக்கு மூக்குக்கு வெளியே ஆக்சிஜனைப் பிடித்து என்ன பிரயோஜனம் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. மாஸ்க்கை முகத்தில் வைத்து, கையால் அமுக்கி நுரையீரலுக்குள் காற்றுச் செலுத்தும் அம்பு பேக் ஒன்று பீரோவுக்குள் இருந்தது. பீரோ சாவி பகல் டூட்டி சிஸ்டரிடம். டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பேக் கைக்கு எட்டியிருந்தால் அந்தக் குழந்தை பிழைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. எட்டியிருந்தாலும் அதைப் பிடிக்க எனக்குத் தெரியாது. நர்சிங் படிக்கும்போது படம் பார்த்ததோடு சரி.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நேஷனல் நியோனேட்டாலஜி ஃபோரம் என்று பச்சிளங்குழந்தை மருத்துவத்துக்கென்றே ஒரு சங்கம் 1980-ல் ஆரம்பித்தார்கள். பிறந்ததும் மூச்சு விடாத குழந்தையை மீட்கும் பயிற்சியை, எங்கள் பேச்சில் என்.ஆர்.பி., 1990 வாக்கில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது இவர்கள்தான். முதலில் மருத்துவக் கல்லூரிகளில் பயிற்சியாளர்களை உருவாக்கி, அவர்கள் மூலமாக மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அதோடு விடாமல், 14 போதனா மருத்துவமனைகளில் பலன் என்ன என்றும் கணக்குப் பார்த்தார்கள். தேவையில்லாமல் நெஞ்சை அழுத்துவதும் மருந்து ஏற்றுவதும் குறைந்து, பேக்-மாஸ்க் உபயோகம் கூடியிருந்தது. மூச்சுத்திணறலால் வரும் சாவு குறைந்தது. பச்சிளங்குழந்தைகளின் மொத்தச் சாவு குறையவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார்கள். எனக்கு அவர்கள் மேல் மரியாதை வந்ததே அந்த ஒரு வரியால்தான்.

அப்புறம் குழந்தை மருத்துவர்கள் சங்கமான இந்தியன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் 'முதல் பொன் நிமிடம்' என்று எங்களைப் போன்ற நர்சுகள் உட்பட பிரசவம் பார்க்கிறவர்களுக்காக ஒரு பயிற்சியைக் கொண்டுவந்தது. 2009-ல் மத்திய அரசும் நவஜாத் சிசு சுரக்ஷா என்ற பெயரில் இதே வேலையைக் கையில் எடுத்தது. எனக்கு முறை வந்தது 2010-ல்.

எங்கள் ஊரில் பாடம் எடுக்க ஒரு மூத்த பேராசிரியர் வந்திருந்தார். ஸ்லைடு போட்டுவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தோம். அவர் நாற்காலியை நகர்த்திவிட்டு, மேஜை மேல் கிடந்த ரப்பர் பொம்மை பக்கத்தில் என்னை நிற்க வைத்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க் மேலே ஆங்கில 'சி' மாதிரி, மற்ற மூன்று விரலும் தாடை எலும்புக்கு அடியில் 'ஈ' மாதிரி. அமுக்கினேன். புஸ்ஸென்று காற்று ஓரமாகப் போனது, பொம்மையின் நெஞ்சு எழும்பவே இல்லை. "நெஞ்சைப் பாரும்மா, என்னைப் பார்க்காதே" என்றார். ஐந்தாவது தடவைதான் எழும்பியது. அதுவரை பக்கத்திலேயே நின்றார். இருபது வருஷத்துக்கும் மேலான சர்வீசில் ஒரு டாக்டர் என் விரலைப் பிடித்து வேலை சொல்லிக்கொடுத்தது அந்த ஒரு நாள்தான்.

அதே வருஷம் ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி, கரண்ட் போய்விட்டது. கழுத்தில் கொடி சுற்றிய குழந்தை. அழவில்லை. ஈரத்தைத் துடைத்தேன், ஈரத்துணியை மாற்றினேன், முதுகை நீவினேன். அசைவில்லை. தோளுக்கு அடியில் துணியை மடித்து வைத்து, தலையை லேசாக நிமிர்த்தி, மாஸ்க்கை வைத்தேன். முழு மாதக் குழந்தைக்கு முதலில் சாதாரணக் காற்றே போதும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சிலிண்டரைத் தேடி ஓடவில்லை. டார்ச் வெளிச்சத்தில் நெஞ்சைப் பார்த்தேன். எழும்பவில்லை. தலையைத் திரும்ப நேராக்கி, வாயைக் கொஞ்சம் திறந்து வைத்து அமுக்கியதும் எழும்பியது. தொப்புள்கொடி வயிற்றோடு சேரும் இடத்தில் இரண்டு விரலை வைத்து ஆறு செகண்டுக்கு நாடித்துடிப்பை எண்ணினேன்: ஏழு. பத்தால் பெருக்கினால் எழுபது, போதாது. ஆயாம்மா டார்ச்சைப் பிடித்துக்கொண்டே என்னோடு சேர்ந்து எண்ணினார். அரை நிமிஷம் கழித்து மறுபடி எண்ணியபோது பன்னிரண்டு. அப்புறம் பூனைக்குட்டி முனகுவது மாதிரி ஒரு சத்தம்.

அந்தப் பிள்ளை இப்போது ஹைஸ்கூல் போகிறாள்.

"குழந்தையைச் சூடாக வைக்கும் வார்மரை வாங்கியது அரசு, சம்பளம் தருவது அரசு, சங்கத்துக்கு என்ன பெருமை" என்று கேட்பீர்கள். நியாயம்தான். நாட்டில் ஆயிரம் பிறப்புக்கு 2010-ல் 33 பச்சிளங்குழந்தைகள் இறந்தன, 2020-ல் அது 20 ஆனது. ஆஸ்பத்திரிப் பிரசவம் கூடியது, மாவட்ட ஆஸ்பத்திரிகளில் நோயுற்ற பச்சிளங்குழந்தைகளுக்கான தனிப் பிரிவு (எஸ்.என்.சி.யு.) வந்தது, ஆஷா என்ற கிராம சுகாதாரப் பெண்கள் வீடு வீடாகப் போனது, எல்லாமே அதில் உண்டு. ஆனால் வார்மர் தானாகக் குழந்தைக்கு மூச்சுக் கொடுக்காது. அதற்குப் பக்கத்தில் நிற்கிறவளுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று ஒழுங்காக எழுதிவைத்து, ஆராய்ச்சி மாறும்போது திருத்தி, ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்தது அந்த டாக்டர்கள்தான். மாநாட்டில் ஸ்டாலும் விருந்தும் இல்லையென்று நான் சொல்லவில்லை.

எனக்கு மனத்தாங்கல் வேறு இடத்தில். பயிற்சி முடித்த நர்சை ஆறே மாதத்தில் கண் வார்டுக்கு மாற்றிவிடுகிறார்கள். லேபர் வார்டுக்குப் புதிதாக வரும் பெண் பொம்மையைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டாள். சங்கம் இதற்காக அரசிடம் இன்னும் சத்தமாகப் பேச வேண்டும்.

   

உங்கள் வீட்டில் அடுத்து பிரசவம் என்றால், சேர்க்கும் அன்றே லேபர் வார்டில் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த ஷிஃப்டில் என்.ஆர்.பி. முடித்தவர் யார்? பேக்கும் மாஸ்க்கும் எங்கே இருக்கிறது? நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். என் வார்டில் அது வார்மர் பக்கத்திலேயே தொங்குகிறது, பூட்டு கிடையாது.