பொங்கல் விலையைப் பார்த்து மல்லிகை நடலாமா?

கேள்வி: நிலக்கோட்டைப் பக்கம் எங்களுக்குப் பத்து சென்ட் செம்மண் நிலம் சும்மா கிடக்கிறது. ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. பொங்கலுக்கு மல்லிகை விற்ற விலையைப் பார்த்ததிலிருந்து பூ போட ஆசை. வீட்டு வாசலில் ரோஜா வளர்த்ததைத் தவிர வேறு அனுபவம் இல்லை. பனி குறைந்து வருகிறது. இந்த மாசியிலேயே மல்லிகை நடலாமா?

பதில்: தண்ணீர் இருப்பதால் நட்டால் பிழைக்கும். ஆனாலும் இப்போது வேண்டாம் என்பேன்.

மார்கழி, தையில் மல்லிகை விலை ஏறுவது செடியில் பூ இல்லாததால்தான். பனிக்கு மொட்டு வராது. நவம்பர் கடைசியில் கவாத்து செய்த, அதாவது கிளைகளை வெட்டிவிட்ட செடிகளும் அப்போதுதான் துளிர்த்துக்கொண்டிருக்கும். பங்குனி, சித்திரையில் எல்லாத் தோட்டங்களும் சேர்ந்து பூக்கத் தொடங்கியதும் விலை இறங்கிவிடும். பொங்கல் விலையை வைத்து வருமானக் கணக்குப் போட்டவர்கள் பலரும் சித்திரையில் சோர்ந்துபோகிறார்கள். தவிர, மல்லிகை நடவுக்கு ஏற்ற பருவம் ஜூன் முதல் நவம்பர் வரை. இப்போது வைக்கும் இளம்பதியன் (கிளையை வேர்விட வைத்து எடுத்த கன்று) மண்ணில் வேர் பிடிக்கும் முன்பே கத்திரி வெயிலைச் சந்திக்க வேண்டியிருக்கும்.

ஆடி வரை நிலத்தைச் சும்மா போடவும் வேண்டாம். ஐந்து சென்ட்டில் செண்டுமல்லி நடுங்கள். மீதி ஐந்தில் மண்ணுக்கே உரமாகும் சணப்புப் பயிரை விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதுவிடுங்கள். செண்டுமல்லியை நான் சொல்வதற்கு வருமானம் மட்டும் காரணமல்ல. அதன் வேரிலிருந்து கசியும் பொருட்கள் மண்ணில் இருந்து வேரைத் தாக்கும் நூற்புழுக்களைக் குறைக்கும். பின்னால் அதே இடத்தில் வரப்போகும் மல்லிகைக்கு அது நல்லது.

விதை வாங்கி நாற்றங்கால் போட்டால் ஒரு மாதம் போய்விடும். குழித்தட்டு நாற்றாகவே வாங்குங்கள். 25 முதல் 30 நாள் வயதுள்ள, வேர் வெள்ளையாக இருக்கும் நாற்று போதும். தட்டிலேயே மொட்டு வைத்துவிட்ட நாற்றைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். அது கிளைக்காமல் நின்றுவிடும். ஆரஞ்சா மஞ்சளா என்பதை நாற்றுப் பண்ணையில் கேட்பதைவிடப் பூச்சந்தையில் கேளுங்கள். கமிஷன் கடைக்காரர் ஒருவரிடம் கமிஷன் எவ்வளவு, பணம் என்றைக்குக் கொடுப்பார் என்பதையும் நடுவதற்கு முன்பே பேசி வைப்பது நல்லது. பூ மலர்ந்த பிறகு பேரம் பேச உங்களுக்கு நேரம் இருக்காது.

ஐந்து சென்ட்டுக்கு அரை டன் மக்கிய தொழுவுரம் போட்டு உழுது பார் (மேட்டு வரிசை) பிடியுங்கள். சமபாத்தியில் நட்டால் தண்ணீர் தேங்கித் தண்டு அழுகும். பாருக்குப் பார் 45 செ.மீ., செடிக்குச் செடி 35 செ.மீ. என்றால் சுமார் 1,200 நாற்று தேவைப்படும். மண் பரிசோதனை செய்திருந்தால் அதன்படி உரமிடுங்கள். இல்லையென்றால் அடியுரமாக சூப்பர் பாஸ்பேட் 11 கிலோ, பொட்டாஷ் இரண்டரை கிலோ, யூரியா 2 கிலோ. நட்ட 45-ஆம் நாள் இன்னொரு 2 கிலோ யூரியா மேலுரமாகக் கொடுத்து செடியின் அடியில் மண் அணையுங்கள். மாலையில் நட்டு உடனே தண்ணீர் விடுங்கள். மூன்றாம் நாள் மறுபடியும் ஒரு தண்ணீர், அதுதான் உயிர்த்தண்ணீர். பிறகு வாரம் ஒருமுறை போதும், வெயில் ஏறியதும் மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை.

நட்ட 30-ஆம் நாள் நுனி கிள்ள வேண்டும். புதிதாகச் செய்பவர்களுக்கு மொட்டு வரப்போகும் நுனியைக் கிள்ள மனம் வராது. கிள்ளினால் பூ சில நாள் தள்ளிப்போகும், ஆனால் பக்கக் கிளைகள் வந்து பூ கூடும். உங்களுக்கு ஒரு யோசனை: பாதி வரிசைகளைக் கிள்ளுங்கள், பாதியை விட்டுவிடுங்கள். பறிப்பு ஒரே நேரத்தில் குவியாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமும் கண்ணெதிரே தெரியும்.

மாசிக் கடைசிக்குள் நட்டால் சித்திரை பிற்பாதியில் முதல் பூ பறிக்கலாம். வைகாசி முகூர்த்தங்களும் கைகொடுக்கும். கோடைப் பூ அளவில் கொஞ்சம் சிறுத்திருக்கும், அதற்காகக் கவலைப்பட்டு உரத்தை அள்ளிக் கொட்டாதீர்கள். கவனிக்க வேண்டியது சிவப்புச் சிலந்திப்பேன். இலை வெளிறிப் புள்ளி விழுந்தால் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நுண்ணிய வலை தெரிந்தால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் கலந்து மாலையில் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும். பறிக்க வேண்டிய பூக்களை முதலில் பறித்துவிட்டுத்தான் தெளிக்க வேண்டும்.

இந்த இரண்டு மாதப் பறிப்பில் ஒன்று தெரிந்துவிடும்: தினமும் விடியலில் எழுந்து பூ எடுக்க உங்கள் வீட்டில் எத்தனை கைகள் இருக்கின்றன? செண்டுமல்லி ஒரு நாள் பொறுக்கும். மல்லிகை மொட்டு பொறுக்காது, விரிவதற்கு முன் சந்தையில் இருக்க வேண்டும். கூலிக்கு ஆள் வைத்துப் பறித்தால் விலை இறங்கிய நாட்களில் கூலிக்கே கட்டாது.

அதற்குப் பிறகும் ஆசை குறையவில்லை என்றால், ஆனிக் கடைசியில் செண்டுமல்லிச் செடிகளை மடக்கி உழுதுவிட்டு, அதே ஐந்து சென்ட்டில் ஒன்றேகால் மீட்டர் இடைவெளியில் ஓரடிக் குழிகள் எடுங்கள். சுமார் 125 குழி வரும். குழிக்குப் பத்து கிலோ தொழுவுரம். பதியனுக்கு ராமநாதபுரம் மாவட்டம் தங்கச்சிமடம் பக்கம் சொல்லி வையுங்கள். ஆடியில் கேட்பவர்கள் அதிகம் என்பதால் வைகாசியிலேயே சொல்லிவிடுவது நல்லது.