டம்ளர் அடியில் ஒரு சொட்டு நெயில் பாலீஷ்

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகளுக்கு நுரையீரலில் டிபி. மூன்று மாதமாக அரசு மருத்துவமனை மாத்திரை சாப்பிடுகிறாள். இருமல் நின்றுவிட்டது, எடையும் ஏறுகிறது. பள்ளியில் டைஃபாய்டு என்று சொல்லி வைத்திருக்கிறோம். நாளைக்கு வரன் பார்க்க வேண்டுமே. அவளோ யாருடனும் பேசுவதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுகிறாள். தம்பிகூட அந்தப் பக்கம் போவதில்லை. நோயால் ஒதுக்கப்படுவதாக நினைக்கிறாளா என்று பார்க்க மருத்துவமனையில் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றுதான் டிக் அடித்தாள். மாமியார் சொன்னதால், மாறிவிடக் கூடாதென்று அவளுடைய டம்ளர் அடியில் நெயில் பாலீஷ் வைத்திருக்கிறேன். மற்றபடி ஒரு குறையும் வைக்கவில்லை. பிறகு ஏன் இப்படி இருக்கிறாள்?

– ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: அந்த நெயில் பாலீஷ் யாருடையது? அவளுடையதாகத்தான் இருக்கும். ஆசையாய் வாங்கி வைத்ததை எடுத்து அவள் டம்ளருக்கே குறி போட்டுவிட்டு, ‘மற்றபடி ஒரு குறையும் இல்லை’ என்று எனக்கு எழுதுகிறீர்கள்.

டிபி காற்றில் பரவுகிற நோய். இருமும்போதும் தும்மும்போதும் பரவும். தட்டிலும் டம்ளரிலும் ஒட்டிக்கொண்டு வராது. சரியான மருந்து உள்ளே போன சில வாரங்களில் பரப்பும் தன்மையும் வெகுவாகக் குறைந்துவிடும். வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் போதும் என்று உலகத்துக்குச் சொன்னதே நம் சென்னைதான். நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியம் என்கிற டிபி மருத்துவமனையில் சேர்த்தும், மறு பாதியை நெருக்கடியான ஏழை வீடுகளிலேயே வைத்தும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 1959இல் முடிவு வந்தது: வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். கூட இருந்த சொந்தங்களுக்கு அதனால் கூடுதலாக நோய் வரவில்லை என்பதும் அடுத்து தெரிந்தது. அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, உங்கள் மாமியாருக்கு மட்டும் சேதி போய்ச் சேரவில்லை.

அந்தக் கேள்வித்தாளுக்கு வருகிறேன். 2008இல் தெற்குத் தாய்லாந்தில் உருவாக்கிய அளவுகோல் ஒன்று பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது. ஊரார் மனதை அறிய 11 வாசகம், நோயாளி மனதை அறிய 12. சேர்ந்து சாப்பிடத் தயங்குகிறார்களா, வெளியே சொல்லப் பயமா, வீட்டுக்குப் பாரமாகிவிட்டோம் என்று உறுத்துகிறதா, இப்படிப் போகும். உங்களிடம் வந்ததும் அந்த மாதிரிதான் இருந்திருக்கும். முழங்கை இடிக்க அம்மா உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பிள்ளை ‘ஆம்’ என்று போடும்? உங்களைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று அத்தனையிலும் ‘இல்லை’ போட்டிருக்கிறாள். அதைப் பார்த்து நீங்கள் நிம்மதியாக வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள்.

இன்னொன்று. கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். தம்பியையும் பாட்டியையும் பரிசோதனைக்கு அழைத்துப் போனதாக ஒரு வரி இல்லை. ஒரே வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் பார்த்துக்கொள்ள வேண்டும். நோய் இல்லையென்றால் வராமல் தடுக்கவும் மாத்திரை இருக்கிறது. குடும்பத்தைக் காப்பது என்றால் அது. டம்ளருக்குக் காவல் இருப்பதல்ல.

வரன் கதையை என்னிடம் சொல்லாதீர்கள். விடாமல் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலும் குணமாகிற நோய் இது. இதற்காக முகம் திருப்புகிற வீடு, நாளைக்கு அவளுக்குப் பிரசவத்தில் ஒரு சிக்கல் என்றால் மட்டும் தாங்குமா? டைஃபாய்டு பொய்யையும் நீங்கள் சொன்னீர்கள், தினமும் பள்ளியில் அதைக் கட்டிக் காக்கிறவள் அவள். யாரிடம் சொல்வது, சொல்லாமல் விடுவது என்பதை இனி அவளே முடிவு செய்யட்டும்.

சத்துணவுக்கென்று அரசு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. அதில் வாங்கிய முட்டையைக் கதவுக்குப் பின்னால் தனியாகத் தின்றால் எப்படி உடம்பில் ஒட்டும்?

இன்று ராத்திரி அந்த நெயில் பாலீஷை அவள் கண் முன்னால் சுரண்டி எடுங்கள். அதே டம்ளரில் காபி ஊற்றி முதலில் நீங்கள் குடியுங்கள், மாமியார் பார்க்கும்படி. அடுத்த முறை கேள்வித்தாள் கொடுத்தால் எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுங்கள்.