ஏழு நாள் படகிலேயே தங்கி டைவிங்: 14 டைவ் அனுபவம் போதுமா?

கேள்வி: டைவிங்கில் முதல் நிலையான ஓப்பன் வாட்டர் சான்றிதழ் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. இதுவரை 14 டைவ் செய்திருக்கிறேன். கடைசியாக நீரில் இறங்கி எட்டு மாதம். நண்பர்கள் பாய்மர லைவ்அபோர்ட் (தங்கியபடியே டைவ் செய்யும் படகு) ஒன்றில் 7 இரவுகளுக்கு இடம் பிடித்திருக்கிறார்கள். மொத்தம் 19 டைவ் என்கிறார்கள். என் மனைவிக்கு டைவிங் தெரியாது. காரில் போனாலே அவருக்கு வாந்தி வரும். கடைசி நாள் காலை 8 மணிக்கு ஒரு டைவ், அன்று இரவு 9 மணிக்கு விமானம். போகலாமா? போவதென்றால் எப்படித் தயாராவது?

பதில்: போகலாம். ஆனால் கடைசி நாள் காலை டைவைப் பட்டியலிலிருந்து இப்போதே நீக்கிவிடுங்கள். மற்றதெல்லாம் யோசித்து முடிவு செய்யலாம். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை, அதனால் முதலில் இதை முடித்துவிடுவோம்.

8 மணிக்கு இறங்கினால் மேலே வரும்போது 9 ஆகிவிடும். அங்கிருந்து விமானம் வரை 12 மணி நேரம். ஒரே ஒரு டைவ் செய்தவருக்குத்தான் அந்த 12 மணி நேரக் கணக்கு. பல நாள் தொடர்ந்து இறங்கியவர் குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும் என்பது டைவர்களின் பாதுகாப்புக்கான ‘டான்’ அமைப்பு 2002-இல் கூட்டிய நிபுணர் கூட்டத்தின் பரிந்துரை. பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பதுபோல் இருக்காது. 2,400 மீட்டர் உயர மலையில் இருக்கும் அளவுக்கு அது குறையலாம். ஒரு வாரமாக உடம்பில் கரைந்து சேர்ந்த நைட்ரஜன் அந்த நேரம் பார்த்துக் குமிழியாகக் கிளம்பினால், டைவர்கள் ‘பெண்ட்ஸ்’ என்று பயப்படுகிற நோய் வரும். நான் 24 மணி நேரம் விடுவேன். அந்தக் காலை டைவை, மறுநாள் ஊர் திரும்புகிறவர்களுக்காகப் படகுக்காரர்கள் வைத்திருக்கலாம். அன்றிரவே பறப்பதாகச் சொல்லிப் பாருங்கள். “ஒன்றும் ஆகாது” என்று பதில் வந்தால் அந்தப் படகைப் பற்றியே நான் மறுபடி யோசிப்பேன். விமான நிலையத்துக்குப் போகும் சாலை மலையேறிப் போகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். உடம்புக்கு இரண்டும் ஒன்றுதான்.

சரி, மீதி 18 டைவ். எந்தக் கடல் என்று நீங்கள் எழுதவில்லை. 14 டைவ் போதுமா என்பது அதைப் பொறுத்த கேள்வி. தீவுக்கூட்டத்தின் உள்பக்கம், காற்று மறைவில், மணல்தரையோடு சரியும் பவளப்பாறை என்றால் தாராளமாகப் போகலாம். செங்கடலில் பிரதர்ஸ், டீடலஸ் மாதிரி நடுக்கடலில் தனியாக நிற்கும் பாறைகளுக்குப் போகும் படகுகள் 50 டைவ் முடித்தவர்களைத்தான் கேட்கும். கலாபகோஸில் டார்வின், வுல்ஃப் தீவுகளும் புதியவர்களுக்கு ஏற்ற இடமில்லை. இந்தோனேசியாவின் கொமோடோவில் ஒரே நாளில் குழந்தை நீந்தும் குளம் போன்ற விரிகுடாவும் கிடைக்கும், உங்களைத் தூக்கிக்கொண்டு ஓடும் நீரோட்டமும் கிடைக்கும். அதனால் படகுக்கு எழுதும்போது “புதியவர்களுக்கு ஏற்றதா?” என்று கேட்காதீர்கள். எல்லோரும் ‘ஆமாம்’ என்றுதான் சொல்வார்கள். “18 மீட்டருக்குக் கீழே போகாமல் இந்தப் பட்டியலில் எத்தனை டைவ் செய்ய முடியும்? எத்தனை டைவில் நீரோட்டம் பலமாக இருக்கும்?” என்று கேளுங்கள். ஓப்பன் வாட்டர் சான்றிதழின் எல்லை 18 மீட்டர்தான். அடுத்த நிலையான அட்வான்ஸ்டு முடித்தால் 30 மீட்டர். பல படகுகளில் பயணத்தின்போதே அதை முடிக்கலாம், ஆனால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

எட்டு மாத இடைவெளியைப் படகில் போய்ச் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். முதல் நாள் ‘செக் டைவ்’ ஒன்று இருக்கும். அதில் உங்களைச் சோதிப்பார்களே தவிர, நிதானமாகச் சொல்லிக்கொடுக்க அங்கே நேரம் இருக்காது. கிளம்புமுன் ஏதாவது ஒரு நீச்சல் குளத்தில் பயிற்சியாளரோடு அரை நாள் செலவிடுங்கள். மாஸ்க்கில் தண்ணீர் விட்டு வெளியேற்றுவது, மூச்சு விடுவதற்கு வாயில் கவ்வும் ரெகுலேட்டரைத் தவறவிட்டு மீட்பது, அதற்கெல்லாம் மேலாக ஒரே ஆழத்தில் அசையாமல் மிதப்பது. மூழ்குவதற்காகக் கட்டிக்கொள்ளும் எடைக்கல் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கமான அலுமினிய டேங்கில் நிரம்பியிருக்கும் காற்றின் எடையே இரண்டு கிலோவுக்கு மேல். டைவ் முடியும்போது அதில் பெரும்பகுதி தீர்ந்திருக்கும், நீங்கள் அந்த அளவு லேசாகியிருப்பீர்கள். மேலே வருமுன் பாதுகாப்புக்காக 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க வேண்டிய நேரத்தில் பலூன் மாதிரி மேலே போவது இதனால்தான்.

இன்னொன்று, நைட்ராக்ஸ், அதாவது ஆக்சிஜன் கூடுதலாக உள்ள காற்று. வகுப்பு ஒரே நாளில் முடியும். 32 சதவீத ஆக்சிஜன் கலவையில் 30 மீட்டரில் இருந்தால், சாதாரணக் காற்றில் சுமார் 24 மீட்டரில் இருந்த அளவு நைட்ரஜன்தான் உடம்பில் ஏறும். ஒரு டைவுக்கு இது பெரிய விஷயமில்லை. நாளுக்கு மூன்று, நான்கு என்று ஆறு நாள் இறங்கும்போது பெரிய விஷயம். இதை வைத்துக்கொண்டு இன்னும் ஆழம் போகலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஆக்சிஜன் நஞ்சாகும் எல்லை இதில் சீக்கிரம் வரும், 32 சதவீதத்துக்கு 33 மீட்டரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். டேங்கில் என்ன இருக்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் நீங்களே கருவி வைத்து அளந்து பாருங்கள். “நான் பார்த்துட்டேன் சார்” என்று படகுப் பையன் சொன்னாலும் சரி. ஆழத்தையும் நேரத்தையும் வைத்து உடம்பில் ஏறிய நைட்ரஜனைக் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டரும் ஆளுக்கு ஒன்று வேண்டும். நண்பருடையது அவர் உடம்புக் கணக்கைத்தான் வைத்திருக்கும்.

லைவ்அபோர்டில் உண்மையான சிக்கல் எந்தத் தனி டைவிலும் வருவதில்லை, நான்காம் நாள்தான் வரும். காலை 6 மணிக்கு எழுப்பி, விளக்கம் சொல்லி, இறக்கிவிடுவார்கள். வந்து சாப்பிட்டால் அடுத்தது. மதியம் கண்ணயர்ந்தால் மூன்றாவதற்கு மணி அடிக்கும். இருட்டியபின் ஒன்று. முதல் இரண்டு நாள் உற்சாகத்தில் தெரியாது. 28 டிகிரி தண்ணீர்கூட உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும், நாள் போகப் போக மெல்லிய உடைக்குள் குளிர ஆரம்பிக்கும். தண்ணீர் குடிக்க மறப்போம். நான் ஒரு பயணத்தில் பதினாறாவது டைவ் வரை ஒன்றைக்கூட விடவில்லை. பதினேழாவதற்குக் காது திறக்கவில்லை. வெளிக்காதில் சீழ் பிடித்து, மீதி நாளெல்லாம் மேல்தளத்தில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றுதான் திமிங்கலச் சுறா வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் நல்ல தண்ணீரால் காதைக் கழுவி, தலையைச் சாய்த்து வடியவிட்டிருந்தால் போதும். குச்சி விட்டுக் குடைந்தது என் தவறு.

ஆகவே நடுவில் ஒரு நாள் இரண்டு டைவோடு நிறுத்திக்கொள்வது என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். படகில் இருக்கும்போது அந்த முடிவு வராது. மற்றவர்கள் உடை மாட்டுவதைப் பார்த்தாலே கை தானாக மாஸ்க்கைத் தேடும். காசு கொடுத்தாயிற்றே என்று இறங்குகிற டைவில்தான் கவனம் சிதறும். மது உண்டென்றால் அன்றைய கடைசி டைவுக்குப் பிறகு மட்டும்.

இனி உங்கள் மனைவி. காரில் வாந்தி வருபவருக்குக் கடலிலும் வர வாய்ப்பு அதிகம். ஆனாலும் சமாளிக்கலாம், பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாளில் உடம்பு பழகிவிடும். அந்த இரண்டு நாளைக் கடப்பதற்குத்தான் மருந்து. குமட்டல் தொடங்கியபின் விழுங்கும் மாத்திரை வயிற்றில் தங்காது. படகு கிளம்புமுன்பே போட வேண்டும். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபொலமின் பட்டை ஒன்றுக்கு மூன்று நாள் வேலை செய்யும். அதைச் சில மணி நேரம் முன்பே ஒட்டிவிட வேண்டும், ஒட்டிய கையைக் கழுவாமல் கண்ணைத் தொட்டால் பார்வை மங்கும். கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. எந்த மருந்தானாலும் மருத்துவரிடம் கேட்டு, வீட்டில் இருக்கும்போதே ஒரு நாள் போட்டுப் பாருங்கள். பல மாத்திரைகள் தூக்கத்தைக் கொண்டுவரும். நீங்கள் போட்டுக்கொள்வதாக இருந்தால் இது இன்னும் முக்கியம், 18 மீட்டரில் தூங்கி வழியக் கூடாது. வாந்தி எடுத்து உடம்பில் நீர் வற்றியிருக்கும் நாளில் டைவையும் விட்டுவிடுங்கள்.

அறையைத் தேர்ந்தெடுக்க இடமிருந்தால் படகின் நடுப்பகுதியில், தாழ்வாக இருப்பதைக் கேளுங்கள். மூக்குப் பக்க அறை அழகாக இருக்கும், அலைக்கு அதுதான் அதிகம் தூக்கிப் போடும். அதிகாலையில் நங்கூரச் சங்கிலி ஓடும் சத்தம் வேறு. ஒற்றை உடல் படகா, இரட்டை உடல் கேடமரானா என்றும் விசாரியுங்கள். பாயில் காற்று பிடித்து ஓடும்போது ஒற்றை உடல் படகு ஒரு பக்கம் சாய்ந்து அப்படியே நிலையாக நிற்கும். பாயே அதன் ஆட்டத்தை அடக்கும். நங்கூரமிட்டு நிற்கும்போதுதான் புரண்டு புரண்டு ஆடும். கேடமரான் சாயாது, ஆனால் குறுக்கு அலையில் வெடுக்வெடுக்கென்று உலுக்கும். எது தேவலை என்பது ஆளுக்கு ஆள் மாறும். சாய்வைப் பார்த்துப் பயப்படுகிறவருக்குக் கேடமரான் நல்லது.

பாய்மரம் என்ற சொல்லையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். டைவ் பட்டியலை வைத்துக்கொண்டு ஓடும் பெரிய படகுகளில் பல, பாதி நேரத்துக்கு மேல் இன்ஜினில்தான் போகும். புகைப்படத்துக்காகப் பாயை விரிப்பதும் உண்டு. உண்மையாகவே பாயில் ஓடும் சின்னப் படகு என்றால் டைவ் எண்ணிக்கை குறையும், காற்று திரும்பினால் திட்டமும் திரும்பும். உங்களுக்குச் சொன்ன 19 என்ற எண்ணைப் பார்த்தால் இது முதல் வகையாகத்தான் தெரிகிறது.

பாய் விரித்த படகு நினைத்த இடத்தில் நின்று ஆளைத் தூக்காது. உங்களை எடுக்க வருவது ரப்பர் படகு. அலைக்கு நடுவில் உங்கள் தலை ஒரு தேங்காய் அளவுதான் தெரியும். ஆகவே நீருக்குள்ளிருந்தே ஊதி மேலே அனுப்பும் ஆரஞ்சு நிற மிதவை ஒன்றைச் சொந்தமாக வாங்குங்கள், குளத்திலேயே பழகுங்கள். கூடவே ஒரு விசில், ஒரு விளக்கு. மாஸ்க்கும் கம்ப்யூட்டரும் இந்த மிதவையும் சொந்தமாக இருந்தால் மற்றதை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

டேங்கில் காற்று நிரப்பும் கம்ப்ரஸரை ஒரு தடவை போய்ப் பாருங்கள். அது காற்றை இழுக்கும் குழாய் ஜெனரேட்டர் புகை வெளிவரும் பக்கம் இருந்தால் கார்பன் மோனாக்சைடு டேங்குக்குள் போகும். அந்த வாயுவுக்கு மணம் கிடையாது. ஆனால் கூடவே டீசல் நாற்றமும் எண்ணெய்ச் சுவையும் வரும் என்பதால், டேங்க் காற்று லேசாக நாறினாலும் இறங்காதீர்கள்.

அறைப் படங்களைப் பார்த்துப் படகைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் இரண்டு கேள்வியைக் கேட்பதில்லை. முதலாவது: இரவில் யார் விழித்திருப்பார்கள்? 2019 செப்டம்பர் 2 அதிகாலை, கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் தீவருகே நங்கூரமிட்டிருந்த கன்செப்ஷன் என்ற டைவ் படகு எரிந்து 34 பேர் இறந்தார்கள். எல்லோரும் கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். கீழிருந்து வெளியேற இரண்டு வழி இருந்தும், இரண்டும் மேலே ஒரே கூடத்துக்குள் போய் முடிந்தன. தீ அங்கேதான் இருந்தது. ரோந்து சுற்ற வேண்டிய ஆள் யாரும் அன்று விழித்திருக்கவில்லை. ஆகவே ஏறியதும் உங்கள் அறையிலிருந்து இரண்டாவது வழி எங்கே போய்த் திறக்கிறது என்று நடந்து பாருங்கள், மனைவியையும் கூட்டிக்கொண்டு, கண்ணை மூடியபடி ஒரு முறை. கேமரா, டார்ச் பேட்டரிகளை அறைக்குள் இரவு முழுக்க சார்ஜில் போடாதீர்கள்.

இரண்டாவது: ஆக்சிஜன் எத்தனை மணி நேரத்துக்கு இருக்கிறது? “இருக்கிறது” என்ற பதில் போதாது. பெண்ட்ஸ் வந்தவருக்கு நிமிடத்துக்கு 15 லிட்டர் கொடுத்தால், 200 பார் அழுத்தத்தில் நிரப்பிய 10 லிட்டர் சிலிண்டர் இரண்டேகால் மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். கரையும், பெண்ட்ஸுக்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை உள்ள மருத்துவமனையும் எட்டு மணி நேரத் தொலைவில் இருந்தால் ஒரு சிலிண்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இந்தக் கணக்கைக் கேட்டதும் கேப்டன் முகம் சுளிக்காமல் விரல்விட்டுப் பதில் சொன்னால் நல்ல படகு. டைவிங் விபத்துக்கான காப்பீடு தனியாக எடுங்கள். சாதாரணப் பயணக் காப்பீட்டில் டைவிங் விலக்கப்பட்டிருக்கலாம், ஆழ வரம்பும் இருக்கலாம், சின்ன எழுத்தைப் படியுங்கள்.

உங்கள் மனைவிக்கு ஸ்நோர்கெல் (நீர் மட்டத்தில் மிதந்தபடி குழாயால் மூச்சு விடுவது) மட்டும் பழக்கிவிட்டால் வாரம் வீணாகாது. மாலத்தீவின் ஹனிஃபரு விரிகுடாவில் மாண்டா திருக்கைகளைப் பார்க்க டேங்க் கட்டி இறங்கும் ஸ்கூபாவுக்கே அனுமதி கிடையாது, எல்லோரும் ஸ்நோர்கெல்தான். இந்த மாதிரி இடம் உங்கள் பாதையில் உண்டா என்று கேளுங்கள்; ரப்பர் படகில் அவரோடு ஓர் ஆள் எப்போதும் இருப்பாரா என்பதையும் சேர்த்து.

அப்புறம், நீங்கள் நீக்கிவிட்ட அந்தக் கடைசி டைவ். முந்தின நாளே டைவிங்கை நிறுத்திக்கொண்டால், விமானத்துக்காகக் காத்திருக்கும் நேரத்தில் சில மணி நேரம் படகிலேயே கிடைக்கும். அதற்குள் மனைவிக்குக் குமட்டல் தீர்ந்திருக்கும், உடைகள் கயிற்றில் காய்ந்துகொண்டிருக்கும். இன்ஜினை அணைத்துப் பாய் விரிக்க முடியுமா என்று அன்று கேப்டனிடம் கேட்டுப் பாருங்கள். அமைதியான கடலென்றால் சுக்கானைக்கூட உங்கள் மனைவி கையில் கொடுப்பார்கள்.