சமையலறையில் குழந்தை: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அக்கா, பையனுக்கு ஒன்றரை வயசு. கண்ணில் பட்டதையெல்லாம் இழுக்கிறான். சமையலறை வாசலில் கேட் போட்டால் போதுமா?

பதில்: போடுங்கள், எண்ணெய் காயும் நேரத்துக்கு அது அவசியம். அதை மட்டும் நம்ப வேண்டாம். அவசரத்தில் ஒரு நாள் திறந்து கிடக்கும்.

முதல் வேலை, அவன் கை எட்டும் உயரத்தை அளப்பது. சுவரோரம் நிறுத்தி, ஒரு பொம்மையை உயரப் பிடித்தால் தானாகவே எக்குவான். விரல்நுனி தொட்ட இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். அதற்கு மேல் 20 செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த உயரத்துக்குக் கீழே சூடான, கூரான, உடையக்கூடிய எதுவும் வேண்டாம். மேடை அதற்குள் வந்தால் விளிம்பிலிருந்து 30 செ.மீ. காலியாக இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி அளந்து பாருங்கள்.

கெட்டில் வயர் மேடையிலிருந்து தொங்கவே கூடாது. மேசை விரிப்பையும் எடுத்துவிடுங்கள், விரிப்பை இழுத்தால் மேலே இருக்கும் சூடான டம்ளர் முகத்தில்தான் வந்து விழும். ஊற்றிக் கால் மணி நேரம் ஆன பானம்கூடக் குழந்தையைச் சுட்டுவிடும், அவர்கள் தோல் அவ்வளவு மெல்லியது.

கேள்வி: கேபினெட் கதவுக்கு ஒட்டுகிற லாக் வாங்கினேன். பத்து நாளில் கையோடு வந்துடுச்சு. தரமில்லாததா?

பதில்: பெரும்பாலும் லாக் மேல் குற்றமில்லை. சமையலறைக் கதவில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் இருக்கும். பசை மரத்தில் ஒட்டாமல் அந்தப் படலத்தில் ஒட்டிக்கொள்கிறது. சோப்புத் தண்ணீரில் துடைத்து, காய்ந்ததும் ஸ்பிரிட் தொட்ட துணியால் இன்னொரு முறை துடையுங்கள். விரலால் தேய்த்தால் கிறீச்சென்று சத்தம் வர வேண்டும். ஒட்டியதும் 30 விநாடி அழுத்திப் பிடித்து, 24 மணி நேரம் கதவைத் தொடாமல் விடுங்கள். பலர் தவறுவது இந்தக் கடைசிப் படியில்தான்.

ஸ்க்ரூ போட்டுக் கதவின் உள்பக்கம் பொருத்தி, வெளியிலிருந்து காந்தச் சாவியால் திறக்கும் காந்த லாக் இன்னும் உறுதி. 18 மி.மீ. பலகைக்கு 12 மி.மீ. ஸ்க்ரூ போதும். 20 மி.மீ. போட்டால் முனை கதவுக்கு வெளியே துருத்திக்கொண்டு, அதுவே கையைக் கிழிக்கும். காந்தச் சாவியைக் குழந்தையின் கை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

எல்லாக் கதவையும் பூட்ட வேண்டாம். அடுப்பிலிருந்து தள்ளி, கீழ்த்தட்டு ஒன்றை அவனுக்கே விட்டுவிடுங்கள். மரக்கரண்டி, உடையாத கிண்ணம், மூடியோடு இரண்டு டப்பா. தனக்கென்று ஒரு கதவு திறக்கும் குழந்தை மற்றக் கதவுகளோடு மல்லுக்கட்டுவது குறையும்.

கேள்வி: சிங்க் அடியில் ஆசிட், பிளீச் எல்லாம் இருக்கு. லாக் போட்டால் சரியா மேடம்?

பதில்: போதாது. அவற்றை மேல்தட்டுக்கு மாற்றி, அங்கேயும் பூட்டுங்கள். லாக் குழந்தையைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். ஆசிட்டையும் பிளீச்சையும் அடுத்தடுத்து வைக்காதீர்கள், கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மண்ணெண்ணெயோ கிளீனரோ எதையும் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். பாட்டிலைப் பார்த்தால் குடிப்பது என்றுதான் குழந்தைக்குத் தெரியும்.

விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. ஆசிட் ஏறி வரும்போது உணவுக்குழாயை இரண்டாம் முறை எரிக்கும், மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கும். பாட்டிலோடு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

எடை பார்க்கும் மெஷினில், டைமரில் இருக்கும் பட்டன் பேட்டரியையும் இந்தக் கணக்கில் சேருங்கள். தொண்டையில் சிக்கினால் ஈரத்தில் மின்சாரம் ஓடி, அரிக்கும் காரம் (ஆல்கலி) உண்டாகி, இரண்டு மணி நேரத்தில் சதையை அரித்துவிடும். மூடி ஸ்க்ரூ போட்டதாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

கேள்வி: அம்மா, பேத்திக்கு மூணு வயசு. கூட நின்னு வேலை செய்யணும்னு அடம் பிடிக்கிறா. ஸ்டூல் போட்டுத் தரலாமா?

பதில்: தாராளமாகத் தரலாம் ஐயா. ஓரத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் குழந்தையைவிட, கையில் வேலை இருக்கும் குழந்தைக்கு ஆபத்து குறைவு. உயரக் கணக்கு எளிது: மேடை உயரத்திலிருந்து, நின்றபடி அவள் முழங்கை இருக்கும் உயரத்தைக் கழித்து, 5 செ.மீ. கூட்டுங்கள். மேடை 85, முழங்கை 55 என்றால் ஸ்டூல் தட்டு 35 செ.மீ. அதைவிடத் தாழ்ந்தால் தோளைத் தூக்கிக்கொண்டு வேலை செய்வாள், கை நடுங்கும்.

பிளாஸ்டிக் முக்காலி வேண்டாம். கால்கள் தட்டைவிட வெளியே விரிந்து, அடியில் ரப்பர் பதித்து, நான்கு பக்கமும் நெஞ்சளவுக்குத் தடுப்பு இருக்க வேண்டும். வைக்கும் இடம் அடுப்புக்கு எட்டாத தூரம், குறைந்தது ஒரு மீட்டர். வேலை முடிந்ததும் ஸ்டூலை வெளியே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நீங்கள் போட்ட கோட்டுக்கு அர்த்தமே இருக்காது.

கேள்வி: கத்தி எப்போ கொடுக்கலாம்?

பதில்: மூன்று வயதில் கீரை கிள்ளட்டும், காய் கழுவட்டும். நாலு வயதில் பல் வைத்த நைலான் கத்தியும் வாழைப்பழமும். ஆறு வயது வாக்கில், கை கேட்கத் தொடங்கியதும், முனை மழுங்கிய சின்ன எஃகுக் கத்தி. ஆனால் வெட்டும் பக்கம் கூராக இருக்க வேண்டும். மொட்டைக் கத்தியை அழுத்தித் தள்ள வேண்டியிருப்பதால், வழுக்கி விரலில் இறங்கும். உருண்டைக் காயை முதலில் நீங்கள் பாதியாக வெட்டி, தட்டைப் பக்கம் கீழே வைத்துக் கொடுங்கள். விரல்நுனிகள் உள்ளே மடங்கியிருக்க வேண்டும். பலகைக்கு அடியில் ஈரத்துணி.

கேள்வி: கேஸ் அடுப்பு குமிழைத் திருகிவிடுகிறாள். கவர் போடலாமா?

பதில்: சூடு தாங்கும் கவர் என்றால் போடலாம். சிலிண்டர் என்றால் சமைத்து முடித்ததும் ரெகுலேட்டரையே மூடுங்கள், அதுதான் நிச்சயம். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோரம், அவள் விளையாடும் உயரத்தில்தான் தேங்கும். பின் பர்னரில் சமையுங்கள், கைப்பிடி உள்பக்கம் பார்க்கட்டும். இண்டக்‌ஷன் அணைந்த பிறகும் பாத்திரத்தின் சூடு கண்ணாடியில் இருக்கும்.

கேள்வி: அப்படியும் சுட்டுக்கொண்டால்? பற்பசை தடவலாம்னு சொல்றாங்களே?

பதில்: தடவாதீர்கள். பற்பசை, மாவு, எண்ணெய் எல்லாமே சூட்டை உள்ளே அடைக்கும். ஐஸும் வேண்டாம், புண்ணான தோலை அது இன்னும் கெடுக்கும். குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓட விடுங்கள். குழந்தை அழும், நமக்கே ஐந்து நிமிடத்தில் போதும் என்று தோன்றும், நிறுத்தாதீர்கள். சூடு அடித்தோலுக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். ஒட்டியிருக்காத துணியையும் வளையலையும் வீங்குவதற்குள் கழற்றி, மற்ற உடம்பைப் போர்த்திவிடுங்கள். கொப்பளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் மூடுங்கள். காயம் குழந்தையின் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலும், முகம், கை, மூட்டு, மறைவிடத்தில் பட்டிருந்தாலும், 20 நிமிடம் முடிந்த கையோடு மருத்துவரிடம் கிளம்புங்கள்.